அர்ஜுனன் வைத்த பொட்டு

போளூர் ரோட்டில் மரக்கடையை அடுத்து அர்ஜுனனின் வைண்டிங் கடை இருந்தது. கிணற்று மோட்டார் எரிந்துபோனால் சுற்றுவட்டாரத்து விவசாயிகள் அதை மாட்டு வண்டியிலோ பஸ் கூரையிலோ ஏற்றிக்கொண்டு அங்கேதான் வருவார்கள். வந்தவர்களிடம் அர்ஜுனன் ஊர் பேர்கூடக் கேட்கமாட்டார்.

"என்ன சத்தம் போட்டுச்சு?" என்பார்.

"சத்தம்னா... ஒரு மாதிரியா கத்திச்சு மேஸ்திரி."

"அந்த மாதிரி நீ கத்து, பாக்கலாம்."

வந்தவர் ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்றால், கத்திக் காட்டுவார். ஒருவர் உறுமுவார், ஒருவர் கீச்சிடுவார். பெரிய மீசை வைத்த ஆள்கூடக் கன்னத்தை உப்பவைத்து ஊதிக் காட்டிய கதை ஊரில் உண்டு. அதைக் கேட்டு முடித்த பிறகுதான் அர்ஜுனன் ஸ்பேனரைக் கையில் எடுப்பார். மோட்டாரோடு இருந்தவனுக்குத் தெரிந்தது கழற்றிப் பார்ப்பவனுக்குத் தெரியாது என்பது அவர் கண்ட பாடம்.

அவருக்கு யாரும் வேலை சொல்லித் தரவில்லை. இளவயதில் வேட்டவலத்து ரைஸ் மில்லில் எண்ணெய் விடும் ஆளாக இருந்தபோது, எரிந்த மோட்டாரின் செம்புக்கம்பிக் காயிலை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து, எத்தனை சுற்று என்று சுவரில் கரியால் எழுதி, மறுபடியும் அதே எண்ணிக்கையில் சுற்றிப் பார்த்துக் கற்றுக்கொண்டது. பாதியில் எண்ணிக்கையில் சந்தேகம் வந்தால் மொத்தத்தையும் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்.

மனைவி எல்லம்மாள் பிரசவத்தில் போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது. குழந்தையும் அன்றைக்கே போயிற்று. அதன்பிறகு வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுக் கடைக்குப் பின்னால் இருந்த அறையிலேயே படுத்துக்கொண்டார். சாப்பாடு மெஸ்ஸில். அவர் எத்தனை இட்லி சாப்பிடுவார் என்பது மெஸ்காரருக்கு மனப்பாடம் ஆகிவிட்டதால், என்ன வேண்டும் என்று கேட்கும் பேச்சும் நின்றுபோயிருந்தது. மோட்டார் எதுவும் வராத நாட்களில் சாயங்காலம் யாராவது வழி கேட்டால், பதில் சொல்ல வாயைத் திறக்கும்போது தொண்டை கட்டியிருக்கும். காலையிலிருந்து பேசவே இல்லை என்பது அப்போதுதான் நினைவு வரும்.

எழுபத்தாறாம் வருஷம் தை மாதத்தில் தாலுகா ஆபீஸ் கிளார்க் சக்கரபாணி கடைக்கு வந்தார். மோட்டார் எதையும் கொண்டுவரவில்லை.

"மேஸ்திரி, ஒரு மெஷின வந்து பாக்கணும். இங்க தூக்கிட்டு வர முடியாது."

"ஏன், கெணத்துல கெடக்குதா?"

"இல்லீங்க. எம் பொண்ணு அதுல மூச்சு விட்டுக்கிட்டிருக்கா."

பெரிய கோயிலின் மேற்கு வாசலான பே கோபுரத்துக்குப் பின்னால் இரண்டாவது தெருவில் அவர்கள் வீடு. ஜன்னலோரக் கட்டிலில் உண்ணாமலை படுத்திருந்தாள். ஒன்பது வயது. நாலு வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் கைகால்களோடு மூச்சை இழுக்கும் சதைகளையும் சாகடித்துவிட்டது. வலது கை விரல்கள் மட்டும் கொஞ்சம் அசையும். ஐந்து வருஷம் வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வார்டில் இருந்தவளை, வெளிநாட்டுக்காரர்கள் கப்பலில் அனுப்பிய மெஷின் ஒன்றை இரவலாகக் கொடுத்து அப்போதுதான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

அவள் நெஞ்சின்மேல் ஆமை ஓடு மாதிரி ஒரு ஓடு கவிழ்ந்திருந்தது. அதிலிருந்து ஒரு தடித்த குழாய் கட்டிலுக்குக் கீழே இருந்த பெட்டிக்குப் போயிற்று. பெட்டிக்குள் மோட்டார், பெல்ட், தோல் துருத்தி. துருத்தி விரியும்போது ஓட்டுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சும். நெஞ்சு மேலே எழும்பும். மூக்கு வழியாகக் காற்று தானே உள்ளே போகும். நிமிஷத்துக்குப் பதினெட்டு தடவை. கரண்ட் போனால் பெட்டியின் பக்கத்தில் இருந்த கைப்பிடியை ஆட்டவேண்டும். சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும், கழுத்துச் சதையால் எக்கி எக்கி, அவளாகவே மூச்சு விடுவாள். மற்ற நேரமெல்லாம் ஆமைதான்.

அன்றைக்குத் தேய்ந்திருந்தது பெல்ட். அர்ஜுனன் மாற்றிக் கொடுத்தார். மறுநாள் காலை பெல்ட் பிடித்திருக்கிறதா என்று பார்க்கப் போனார். அதற்கு மறுநாளும் போனார். சீக்கிரமே காலை ஏழு மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் அவர் சைக்கிள் அந்தத் தெருவில் நிற்பது வழக்கமாயிற்று. சைக்கிள் சத்தம் கேட்டதுமே உண்ணாமலையின் அம்மா ஆதிலட்சுமி காபி ஆற்றத் தொடங்கிவிடுவாள்.

உண்ணாமலைக்கு, மெஷின் மூச்சை வெளியே விடும் சமயத்தில் மட்டும்தான் பேச முடியும். ஒரு மூச்சுக்கு இரண்டு மூன்று வார்த்தை.

"இன்னிக்கி என்ன... மோட்டாரு வந்துச்சு... மேஸ்திரி மாமா?"

"அஞ்சு குதிரை ஒண்ணு. நாயுடுமங்கலத்துலேர்ந்து."

"எப்படிக் கத்துச்சாம்?"

அர்ஜுனன் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, அந்த விவசாயி கத்தியபடியே கத்திக் காட்டுவார். அவளுக்குச் சிரிப்பு வரும். சிரிப்பையும் மெஷின் துண்டு துண்டாகத்தான் விடும்.

"நேத்து வந்தது... இத விட நல்லா... கத்துச்சு. இது... சளி புடிச்ச மோட்டாரு."

"அடியே, பெரியவங்கள அப்படிக் கிண்டல் பண்ணாதே" என்பாள் ஆதிலட்சுமி.

"நான் மோட்டார... சொன்னேம்மா."

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. அர்ஜுனன் கடையில் ஒவ்வொரு ஸ்பேனரையும் மண்ணெண்ணெயில் துடைத்து, பலகையில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் நடுவிலும் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தார். ஓரத்தில் வைப்பது அவருக்குப் பிடிக்காது. நடு எது என்று பார்த்துத்தான் வைப்பார். சாயங்காலம் அதே கிண்ணங்களோடு பே கோபுரத் தெருவுக்குப் போனார். உண்ணாமலை தானாக மூச்சு விடும் ஒரு மணி நேரத்தில் மெஷினை நிறுத்தினார்கள்.

"ஊர்ல எல்லா மெஷினுக்கும் இன்னிக்கி லீவு. பாவம், இதுக்கு ஒரு மணி நேரம்தான்" என்றாள் ஆதிலட்சுமி.

பெட்டியின் மேல்மூடியில் நாலணா அகலத்துக்கு ஒரு பித்தளை வட்டம் இருந்தது. பொட்டு வைப்பதற்கென்றே செய்தமாதிரி இருந்தது. அர்ஜுனன் அதைத் துணியால் பளபளவென்று துடைத்து, சரியாக நடுவில் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்தார். கற்பூரம் காட்டினார்கள். ஒரு மணி நேரம் முடிந்ததும் சுவிட்சைப் போட்டார்கள்.

மறுநாள் காலை உண்ணாமலை, "விரல்ல எறும்பு... ஊர்ற மாதிரி... இருக்குது" என்றாள். மத்தியானம் உதடும் மரத்தது. தலை சுற்றியது. அடுத்த நாள் நெஞ்செலும்பு வலித்தது. மூன்றாம் நாள் காலையில், அசையும் அந்த வலது கை விரல்கள், எதையோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல மடங்கி இறுகிப்போயின. யார் பிரித்தும் பிரியவில்லை.

சக்கரபாணி உள்ளூர் டாக்டரை அழைத்து வந்தார். அவர் பார்த்துவிட்டு, மூச்சு ஜாஸ்தியானாலும் விரல் இப்படி மடங்கும், மெஷின் அதிகமாக இழுக்கிறதோ என்று சந்தேகமாகச் சொல்லி, வேலூருக்கு டிரங்க் கால் போட்டார். அங்கே அவளைப் பார்த்துவந்த டாக்டர் சரோஜா மறுநாளே ஜீப்போடு வருவதாகச் சொன்னார். அதோடு இன்னொன்றும் சொன்னார். மெஷினை நம்ப முடியவில்லை என்றால் குழந்தையைத் திரும்ப வார்டுக்கே கொண்டுபோய்விட வேண்டும். இனிமேல் வீடு என்ற பேச்சுக்கு இடமில்லை.

அந்த மூன்று நாளும் அர்ஜுனன் கடையைச் சரியாகத் திறக்கவில்லை. ஆதிலட்சுமி கைப்பிடியை ஆட்ட, அவர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பெல்ட்டைப் பார்த்தார். தோலைப் பார்த்தார். கடிகாரத்தை வைத்து எண்ணினார்; பதினெட்டு. மறுபடியும் எண்ணினார்; பதினெட்டு. லைனில் வோல்ட்டேஜ் ஜாஸ்தியா என்று பல்பு ஒன்றை மாட்டி எரியவிட்டுப் பார்த்தார். எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் முள் கப்பலில் வரும்போதே உடைந்துவிட்டிருந்ததால், கையால் தடவித்தான் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருந்தது. மூடியைத் திறக்கும்போதும் மூடும்போதும் பொட்டின்மேல் கை படாமல் பார்த்துக்கொண்டார். பூஜையில் வைத்த பொட்டை யாரும் துடைப்பதில்லை. அது தானாக உதிரவேண்டும்.

மூன்றாம் நாள் பகல், வழியில்லாமல் கடைக்குப் போனபோது, மண்ணாங்கட்டி என்ற விவசாயி மோட்டாரோடு படியில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா மேஸ்திரி, பூஜ முடிஞ்சும் லீவா? பயிரு காஞ்சி போவுது."

"என்ன சத்தம் போட்டுச்சு?" என்றார் அர்ஜுனன், எங்கேயோ பார்த்தபடி.

"சத்தமே போடல. அதான் பயமா பூட்ச்சி. எப்பவும் டர்ருனு ஒரு இழுப்பு இழுக்கும். அது இல்ல. இல்லாத சத்தத்த எப்படி நான் கத்திக் காட்றது?"

அர்ஜுனன் சைக்கிளிலிருந்து இறங்கவில்லை. மூன்று நாளாக அவர் சக்கரபாணியைக் கேட்டார், ஆதிலட்சுமியைக் கேட்டார், மெஷினிடமே காதை வைத்துக் கேட்டார். அந்த மெஷினோடு இராப்பகலாகக் கிடப்பவளிடம் கேட்கவில்லை. அவள் சின்னப் பெண்; அதோடு உடம்பு சரியில்லாதவள். கேட்கவேண்டும் என்றே தோன்றவில்லை.

அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போவதைப் பார்த்து மண்ணாங்கட்டி, "யோவ் மேஸ்திரி!" என்று கூப்பிட்டது ரோட்டின் பாதிவரை கேட்டது.

"கண்ணு, பூஜைக்கு முன்னாடி மெஷின் சத்தத்துக்கும் இப்ப சத்தத்துக்கும் என்ன வித்தியாசம்?" என்றார், உண்ணாமலையின் கட்டிலருகே குனிந்து.

உண்ணாமலை ஒரு மூச்சு காத்திருந்தாள். "விசில்... இல்ல."

"எந்த விசிலு?"

"இழுக்கும்போது... சின்னதா ஒரு விசில்... வரும். கொசு மாதிரி. பூஜை பண்ணதும்... நின்னு போச்சு. நீங்கதான்... சரி பண்ணீங்கன்னு... நெனச்சேன்."

அர்ஜுனன் ஆதிலட்சுமியைப் பார்த்தார்.

"ஆமாண்ணே. மெஷின் வந்த நாள்லேர்ந்து வரும். நீங்க கேட்டதே இல்லியா?"

ஒன்பது மாதமாக, தினம் இரண்டு வேளை அந்தப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஒருநாளும் கேட்டதில்லை. இருபது வருஷம் மோட்டாருக்குப் பக்கத்தில் இருந்த காது மெல்லிய சத்தங்களை ஒவ்வொன்றாக விட்டுவிட்டிருந்தது அவருக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. ஊரையே கத்தச் சொல்லிக் கேட்டவர் அவர்.

"எங்கேர்ந்து வரும், கண்ணு?"

"மேல... பொட்டு கிட்ட."

அவர் ஈரத்துணியால் குங்குமத்தைத் துடைத்தார். கல்லாக இறுகியிருந்த சந்தனத்தைச் சுரண்டியதும் பித்தளை வட்டத்தின் சரியான நடுவில், கடுகு அளவுக்கு ஒரு ஓட்டை தெரிந்தது. பூஜையன்று துடைத்தபோது அதை ஆணிக்குழி என்று நினைத்திருந்தார். துருத்தி அளவுக்கு மீறி இழுக்காமலிருக்க, மூடிக்கு அடியில் ஓடிய சின்னக் குழாய் வழியாக வெளிக்காற்றைக் கொஞ்சம் உள்ளே விடும் ஓட்டை. மெஷினே ஈரச்சந்தனத்தை உறிஞ்சித் தன் வாயை அடைத்துக்கொண்டிருந்தது. ஓரமாக வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஊசியால் குத்தி எடுத்தார். அவருக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. உண்ணாமலையின் கண் விரிந்ததைப் பார்த்துத்தான் விசில் வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டார்.

சாயங்காலத்துக்குள் அவள் விரல்கள் பிரிந்துவிட்டன.

"சரியாப் போச்சுல்ல, டாக்டரம்மா கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்கண்ணே. எங்க வீட்டுக்காரருகிட்டயும் வேணாம். அவருக்குத் தெரிஞ்சா உங்கள உள்ள விடமாட்டாரு" என்றாள் ஆதிலட்சுமி. அவர் சைக்கிளை எடுத்தார்.

மறுநாள் ஜீப் வந்தது. பின்சீட்டைக் கழற்றிவிட்டு ஒரு மெத்தை போட்டிருந்தார்கள். டாக்டர் சரோஜா உண்ணாமலையின் கையைப் பிரித்து மடக்கிப் பார்த்தார். மெஷினைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இப்ப நல்லாத்தான் ஓடுது. ஆனா மூணு நாள் ஏன் அப்படி ஆச்சு?"

"தானா வந்துச்சு, தானா போயிடுச்சு டாக்டர்" என்றார் சக்கரபாணி.

"தானா வந்தது தானா திரும்பியும் வரும். ராத்திரி நீங்க தூங்கும்போது வந்தா என்ன பண்ணுவீங்க? காரணம் தெரியாத மெஷின வீட்டுல விட்டுட்டுப் போக முடியாதுங்க. குழந்தையை எடுத்து வைங்க."

சக்கரபாணி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். உண்ணாமலை ஜன்னலைப் பார்த்தாள். டிரைவர் கட்டில் பக்கம் வந்துவிட்டான்.

"காரணம் தெரியுங்க" என்றார் அர்ஜுனன் கதவருகிலிருந்து. "நான் வச்ச பொட்டு."

டாக்டர் திரும்பினார். அர்ஜுனன் உள்ளே வந்து உட்கார்ந்து, பித்தளை வட்டத்தைக் காட்டி, காயில் சுற்று எண்ணுகிறமாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார். பூஜை, சந்தனம், ஊசி. பிறகு அந்த ஓட்டையின்மேல் விரலை வைத்து மூன்று மூச்சுக்கு மூடிக் காட்டினார். உண்ணாமலையின் நெஞ்சு மூன்று தடவை வழக்கத்துக்குமேல் எழும்பியதை எல்லாரும் பார்த்தார்கள். விரலை எடுத்தார்.

"அந்த விசிலு எனக்குக் கேக்காதுங்க. காது போயிட்டிருக்குது. அதையும் சொல்லிடறேன்."

டாக்டர் சரோஜா நோட்டை எடுத்து வெகுநேரம் எழுதினார். மெஷின் நல்ல நிலையில் இருக்கிறது. குழந்தை வீட்டிலேயே இருக்கலாம். மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரியிலிருந்து டெக்னீஷியன் வந்து பார்ப்பார். அவரையும் பெற்றோரையும் தவிர வேறு யாரும் மெஷினைத் தொடக்கூடாது.

"உங்கமேல கோவப்பட்டு எழுதல" என்றார் அர்ஜுனனிடம். "நீங்க சொல்லலன்னா இவள இப்பவே தூக்கிட்டுப் போயிருப்பேன்."

"தெரியுங்க."

சக்கரபாணி கையெழுத்துப் போட்டார். எழுத்தில் வந்ததை மீறத் தெரியாத மனிதர் அவர். ஜீப் போன பிறகு வாசலில் அர்ஜுனனிடம், "எனக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம் மேஸ்திரி" என்று மட்டும் சொன்னார். அர்ஜுனனுக்கு அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தன் குழந்தையின் மூச்சைக் கெடுத்தவனை, அந்த இடத்தில் இருந்தால், அர்ஜுனனும் இரண்டாம் தடவை உள்ளே விட்டிருக்கமாட்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படியை அவர் ஏறவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குச் செய்ய வேலை இல்லாமல், ஏற்கனவே கழுவிய ஸ்பேனர்களை மறுபடியும் கழுவினார். அன்றன்றைக்கு வந்த மோட்டார் கத்திய கத்தலைக் கேட்க ஆள் இல்லாததால், சில நாள் அதை விவசாயியிடம் கேட்கவே மறந்துபோனார்.

ஒரே ஒரு கவலை மட்டும் அவரை விடவில்லை. ஓட்டையில் தூசி அடைத்தால்? பத்தாம் நாள் காலை கடை திறக்கும் முன் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய், ஜன்னலுக்கு வெளியே தெருவில் ஒரு காலை ஊன்றி நின்றார்.

"விசில் கேக்குதா கண்ணு?"

உள்ளே மெஷின் ஒரு மூச்சை இழுத்து விட்டது.

"கேக்குது... மாமா."

தொடக்கூடாது என்றுதான் நோட்டில் எழுதியிருந்தது. கேட்கக்கூடாது என்று எழுதவில்லை. சக்கரபாணியும் அதைக் கண்டுகொள்ளவில்லை. அன்றிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு கேள்வி, ஒரு பதில். கார்த்திகை தீபத்துக்கு ஊர் முழுக்க ஜனம் நெருக்கும் நாட்களில்கூட, சைக்கிளைத் தள்ளிக்கொண்டாவது வந்து கேட்டுவிட்டுப் போவார். வருஷங்கள் போகப்போக "கண்ணு", "அம்மா" ஆயிற்று. உண்ணாமலை வீட்டிலிருந்தே படித்து, தான் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுத, பத்தாவது பரீட்சை முடித்தாள். அவர் காதும் இன்னும் போயிற்று. விவசாயிகள் கத்துவதை இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. ஆயுத பூஜையில் எந்த மெஷினுக்கும் அவர் இப்போது பொட்டு வைப்பதில்லை. மெஷினுக்குப் பின்னால் உள்ள சுவரில்தான் வைப்பார். அந்த வீட்டிலும் அப்படித்தான் என்று ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

எண்பத்து நாலில், ஆனி மாதம், வேலூரிலிருந்து வேன் வந்தது. அர்ஜுனன் அந்தப் பக்கம் வந்தபோது பழைய பெட்டியை இரண்டு பேர் தூக்கி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பித்தளை வட்டம் வெயிலில் மின்னியது. சக்கரபாணிக்குத் தலை நரைத்துவிட்டிருந்தது. வாசலில் நின்றவர் அவரைப் பார்த்து, பல வருஷம் கழித்து, தானாகப் பேசினார்.

"புதுசு குடுத்திருக்காங்க மேஸ்திரி. அதுல ஓட்டை, விசிலு ஒண்ணும் கெடையாது. ஜாஸ்தியானா மணி அடிக்குமாம். இனிமே பயமில்ல."

"நல்லதுங்க" என்றார் அர்ஜுனன். உண்மையாகவே நல்லதுதான்.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சைக்கிள் பழகிய வழியில் போயிற்று. ஜன்னலுக்கு வெளியே அவர் கால் தானாக ஊன்றியது. அப்போதுதான், கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்பது நினைவு வந்தது. என்னவென்று கேட்பது? எப்படி இருக்கிறாய் என்று அவர் அந்த வீட்டில் கேட்டதே இல்லை. மெஷினைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார். கொஞ்சநேரம் நின்றார். பிறகு காலை எடுத்துப் பெடலில் வைத்தார்.

உள்ளே புது மெஷின் ஒரு மூச்சை இழுத்து விட்டது.

"கேக்குது... மாமா" என்றாள் உண்ணாமலை.

அர்ஜுனன் தலையைத் திருப்பவில்லை. "சரிம்மா" என்று சொல்லிவிட்டுக் கடை திறக்கப் போனார்.